பேர்ணடெற்றும் தீவு நாய்களும்

பேர்ணடெற்றுக்கு நாய் என்றால் பயமும் இல்லை, பெரிதாகப் பாசமும் இல்லை. ஆனால் செத்து அறுநூறு, எழுநூறு வருடமாகிப்போன நாய்களோடு அவளுக்கு நெருங்கிய பழக்கம். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ்த் தளத்தில் பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுக்கிற ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. எலும்பைத் துளைத்து, பொடியாக்கி, அந்தப் பொடிக்குள் மிச்சம்மீதி ஏதாவது உயிர்ச்சுவடு இருக்கிறதா என்று பார்ப்பது அங்கே அவள் வேலை.

மன்னாரில் பிறந்தவள். கனடாவுக்கு வந்து, கொலிஜில் படித்து, மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிக்கிற வேலையில் நெடுங்காலம் இருந்தாள். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு எலும்பு துளைக்கப் போகிறேன் என்றபோது அஜக்ஸில் இருக்கும் தங்கை கிறிஸ்ரினா, "உனக்கென்ன விசரா?" என்று கேட்டாள். நேர்முகத்தில் ஆய்வுகூடத்தின் தலைவர் தியாகலிங்கமும் ஏறத்தாழ அதையேதான் கேட்டார், கொஞ்சம் நாகரிகமாக.

"இரத்தத்தில தேடுறது எல்லாம் கிடைச்சிடும் தம்பி," என்றாள் பேர்ணடெற். "கிடைக்குமோ கிடைக்காதோ எண்டு தெரியாததை ஒருக்காத் தேடிப் பார்க்க ஆசையாக் கிடக்கு."

தன்னைவிட வயது குறைந்தவரைத் தம்பி என்று கூப்பிடுவது அவளுக்குப் பழக்கம். வேலை கேட்டு வந்த இடத்திலும் அது மாறவில்லை. தியாகலிங்கம் சிரித்துவிட்டார். அன்றைக்கே வேலை கிடைத்தது. மற்றவர்கள் முன்னால் அவள் அவரை டொக்டர் என்பாள். தனியே இருக்கையில் அவர் தம்பி, அவள் அக்கா.

தெற்குப் பசிபிக்கில் ஒரு சின்னஞ்சிறு தீவிலிருந்து அந்த நாய் எலும்புகள் வந்தன. பொலினீசியர்கள் பெரிய தோணிகளில் கடல் கடந்து புதுத் தீவுகளில் குடியேறியபோது நாய், பன்றி, கோழி ஆகியவற்றையும் கூடவே ஏற்றிப் போனார்கள். நாயை வளர்த்தார்கள், உண்டார்கள், அதன் பல்லையும் தோலையும் அணிந்தார்கள். எல்லாத் தீவுக்கும் நாய் போய்ச் சேரவில்லை. சேர்ந்த சில தீவுகளிலும் பிறகு அற்றுப்போனது. இந்தத் தீவுக்கு ஐரோப்பியக் கப்பல்கள் முதலில் போனபோது அங்கே ஒரு நாயும் இல்லை. ஆனால் ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் அங்கே மண் தோண்டியவர்கள் ஆழத்தில் நாய் எலும்புகளைக் கண்டெடுத்து நூதனசாலை ஒன்றில் வைத்திருந்தார்கள்.

அந்த எலும்புகளைப் பற்றித்தான் சர்ச்சை. அங்கே நாய் வளர்ந்ததேயில்லை, வேறு தீவுகளிலிருந்து அணிகலனுக்காகக் கொண்டுவந்த பல்லும் தாடையும்தான் இவை என்று சில ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். தீவுச் சனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் மூதாதையர் நாயோடுதான் வந்தார்கள், நாயோடுதான் வாழ்ந்தார்கள் என்றார்கள்.

பேர்ணடெற் முதலில் பற்களைத் துளைத்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. தாடைகளைத் துளைத்தாள். அதிலும் இல்லை. வெப்பமான தீவில் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். இந்த வேலையை மூடிவிடலாமா என்று தியாகலிங்கம் யோசிக்கத் தொடங்கினார்.

"மூடலாம்," என்றாள் அவள். "காது எலும்பைப் பார்த்துப்போட்டு மூடலாம்."

காதின் உட்புறத்தைச் சுற்றிக் கல்லைப்போல இறுகிய ஓர் எலும்பு உண்டு. உடம்பில் வேறெதிலும் தங்காத டிஎன்ஏ அதில் தங்கும். மூன்று நாய் மண்டையோடுகளில் அந்த எலும்பு பழுதில்லாமல் இருந்தது. தோண்டிய மண்ணில் ஒன்று அடியிலிருந்தும், ஒன்று நடுவிலிருந்தும், ஒன்று மேற்பக்கத்திலிருந்தும் எடுத்தவை. ஆனால் நூதனசாலை கையை விரித்தது. மண்டையோட்டைத் துளைப்பதென்றால் தீவுச் சனங்களின் சபை சம்மதிக்க வேண்டும்.

"அப்ப அவையைக் கேப்பம்," என்றாள் பேர்ணடெற்.

"நான் கேக்கிறன் அக்கா."

"துளைக்கப்போறது நான். நானே கேக்கிறன்."

சபையின் சார்பில் கணினித் திரையில் வந்தவர் மெரே என்ற பெண்மணி. அறுபது வயது தாண்டியவர், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. மெரே சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"எங்கள் தீவிலிருந்து எலும்பு எடுத்துப்போனவர்கள் எங்களைக் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?"

"உங்களுடையது என்பதால்," என்றாள் பேர்ணடெற்.

"துளைத்தால் என்ன ஆகும்?"

"ஒரு ஓட்டை விழும். அது மூடாது. டிஎன்ஏ கிடைக்காமலும் போகலாம். ஆனால் எலும்பில் அது இருந்தால் நான் எடுத்துவிடுவேன்."

பக்கத்தில் இருந்த தியாகலிங்கம் மெல்ல இருமினார். இப்படி அடித்துச் சொல்வது விஞ்ஞானிகளின் வழக்கமில்லை. மெரேக்கு அது பிடித்திருந்ததுபோல் தெரிந்தது.

"எங்கள் பழைய பாட்டொன்றில் நாய்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்," என்றார் அவர். "பல்லுக்கும் தாடைக்கும் யாராவது பெயர் வைத்துக் கூப்பிடுவார்களா? முதலில் நடு எலும்பைத் துளையுங்கள். அது சரி வந்தால் மற்ற இரண்டும்."

துளைத்த அன்று பேர்ணடெற் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும், இரட்டைக் கையுறையும், முகமூடியும் போட்டு, வெளித்தூசு புகாத துப்புரவான அறைக்குள் போனாள். துளைக்கருவியை எடுக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டாள். தேவைக்கு மேல் ஒரு சிட்டிகைப் பொடியும் எடுக்கவில்லை. பிறகு இயந்திரத்திலிருந்து முடிவு வந்தபோது தியாகலிங்கம் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். நாய் டிஎன்ஏ. ஏராளமாக.

பேர்ணடெற் எழும்பவில்லை. ஏராளம் என்ற சொல்தான் அவளுக்கு இடித்தது. அறுநூறு வருடம் சூடான மண்ணில் வெந்த எலும்பு அவ்வளவு தாராளமாகத் தராது.

"வெறுங்குழாயைப் பாருங்கோ தம்பி," என்றாள்.

எலும்புப் பொடி போடாத ஒரு குழாயையும் ஒவ்வொரு முறையும் கூடவே வைத்து அதே வேலைகளைச் செய்வார்கள். அதற்குள் எதுவும் இருக்கக்கூடாது. அன்றைக்கு அதற்குள்ளும் நாய் இருந்தது. பழைய நாய் அல்ல. சிதையாத, முழுசான, இந்தக் காலத்து நாய்.

இப்படி ஆகிவிடக்கூடாது என்றுதான் அந்த ஆய்வுகூடத்தில் கண்டிப்பான விதி இருந்தது. நாய் எலும்பில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது. உயிருள்ள நாயின் ஒரு மயிர் போதும், செத்த நாயின் கதையை முழுதாக அழித்துவிடும். துளைத்த அன்று அந்தத் துப்புரவான அறைக்குள் போனவள் பேர்ணடெற் மட்டும்தான்.

மருந்துப் போத்தல்களையும் மேசைகளையும் பரிசோதித்தார்கள். எல்லாம் சுத்தம். கடைசியில் அவள் தன்னுடைய அலுமாரியைத் திறந்து, அந்த அறைக்குள் போடுகிற உடுப்பின் கழுத்துப் பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளிர் பழுப்பில் ஒரு கட்டை மயிர். தன்னுடைய சாம்பல் நிறக் கார்டிகனைப் பார்த்தாள். அதில் ஒன்றல்ல, தாராளமாக இருந்தது.

அவள் வீட்டில் நாய் இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நடுப்பகலில் பஸ் எடுத்து மல்வேர்னில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனாள். அது வரிசை வீடுகளில் கடைசிக்கு முதல் வீடு. கதவைத் திறந்தபோது சோபாவில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது. தலைக்கு அவளுடைய இன்னொரு கார்டிகன். அவளைக் கண்டதும் அது எழும்பவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. குசினியில் கணவர் அலெக்ஸாண்டர் கரட் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, இண்டைக்கு நேரத்தோட வந்திட்டீர்?"

"உது ஆர்?"

அலெக்ஸாண்டர் கத்தியை வைத்தார். "உது பிஸ்கற். பக்கத்து வீட்டு மிஸிஸ் கிளார்க்கின்ர நாய்."

"அவவின்ர நாய் ஏன் என்ர சட்டையில படுத்திருக்கு?"

"மணக்குதெண்டு விருப்பமாக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவர் கதிரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். தொழிற்சாலையில் வேலை செய்தவர், இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேலையை விட்டிருந்தார். தினமும் நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நடக்கவில்லை. திரைச்சீலையைக்கூட விலக்காமல் தொலைக்காட்சி முன்னால் இருந்தார். பேர்ணடெற் சொல்லிப் பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள், பங்குச் சுவாமியாரைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஒன்றும் சரிவரவில்லை. இலையுதிர் காலத்தில் மிஸிஸ் கிளார்க் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நாயை வெளியே கூட்டிப்போக ஆளில்லை. ஒருநாள் உதவிக்குப் போன அலெக்ஸாண்டர், பிறகு தினமும் போனார். நடந்து முடிந்தால் நாய் இங்கேயே வந்து படுத்துக்கொள்ளும். பேர்ணடெற் வருவதற்கு முன் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

"தனிய நடக்க எனக்கு மனம் வரேல்ல. இவன் வாசலில நிண்டு என்ர மூஞ்சையைப் பார்த்தால் போகாமல் இருக்கேலாது."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னால் நீர் உம்மட வேலையைச் சொல்லுவீர். நீர் சொல்லுறதும் சரியாத்தான் இருக்கும். அதாலதான் சொல்லேல்ல."

பேர்ணடெற்றுக்கு வாய்வரை வந்த கோபம் அங்கேயே நின்றது. அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. தொப்பை வற்றியிருந்தது. வாசலில் அவருடைய பனிச்சப்பாத்து ஈரமாக இருந்தது. இந்தக் குளிருக்குள் அவர் நடந்திருக்கிறார். இரவுகளில் மூச்சு வாங்காமல் அவர் நித்திரை கொள்வதைக் கவனித்தவள், அது புது மருந்தின் வேலை என்று நினைத்திருந்தாள்.

கைப்பையிலிருந்து எச்சில் எடுக்கிற பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்தாள். "உவன்ர வாயைத் திறக்கச் சொல்லுங்கோ."

"ஏன், அவனுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் எனக்குத்தான். திறக்கச் சொல்லுங்கோ."

வெறுங்குழாய்க்குள் இருந்தது பிஸ்கற்தான் என்று அந்த வாரமே உறுதியாயிற்று. கண்டுபிடித்ததில் பேர்ணடெற்றுக்கு ஒரு திருப்தி இருந்தது. இனி யாருக்கும் சந்தேகம் இல்லை, எந்த ஓட்டை வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டது. அடைத்துவிடலாம்.

"அக்கா, வேற நகரத்தில ஒரு லாபுக்கு எலும்பை அனுப்பலாம்," என்றார் தியாகலிங்கம் தயங்கித் தயங்கி. "அல்லது உங்களுக்குப் பதிலா இன்னொருவர் செய்யட்டும்."

"அந்தச் சனத்துக்கு வாக்குக் குடுத்தது நான். முதலில அவையிட்டச் சொல்லுவம். அவை வேண்டாமெண்டு சொன்னால் நான் விலகுறன். சொல்லாட்டி, நான்தான் செய்வன்."

திரையில் மெரே வந்ததும் அவள் தொடங்கிவிட்டாள். முன்னுரை எதுவும் வைக்கவில்லை. எலும்பு பழுதாகவில்லை, ஆனால் முதல் முயற்சி கெட்டுவிட்டது, கெடுத்தது என்னுடைய உடுப்பில் இருந்த நாய் மயிர் என்றாள். கணவரின் கதையையும் மறைக்காமல் சொன்னாள்.

"நாயைத் துரத்திவிட்டீர்களா?" என்று கேட்டார் மெரே.

"இல்லை. அவர் நடப்பதற்கு அந்த நாய் வேண்டும். நான்தான் வீட்டை விட்டுப் போகிறேன்."

தியாகலிங்கம் திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி. உண்மையில் அவளுக்கே அது அந்த நிமிடம்தான் முடிவாகியிருந்தது.

"இந்த வேலை முடியும்வரை தங்கையின் வீட்டில் இருப்பேன். அங்கே நாய் இல்லை, அதையும் நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் தங்குவேன். எல்லா உடுப்பும் புதிதாக வாங்குவேன். உங்கள் எலும்பில் அதே ஓட்டைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போக அனுமதி தாருங்கள். புது ஓட்டை போடமாட்டேன்."

மெரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரிக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "நாய்க்காக வீட்டைவிட்டுப் போகிற பெண்ணிடம் எங்கள் நாய்களைக் கொடுக்கலாம் என்று சபையில் சொல்கிறேன்."

அப்படி அவள் அஜக்ஸுக்குப் போனாள். கிறிஸ்ரினா ஒரு வாரம் சிரித்தாள். "புருசனை விட்டுட்டு வந்ததுகளைக் கண்டிருக்கிறன். புருசனை நாயிட்ட ஒப்படைச்சிட்டு வந்தது நீதான்." பேர்ணடெற் காலையில் ரயில் எடுத்து வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குக்கூட அலெக்ஸாண்டருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அவர் அந்தப் பக்கத்து வாங்கில், அவள் இந்தப் பக்கத்து வாங்கில். கோயிலில் பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் பிரச்சினையோ என்று கிசுகிசுத்தார்கள். அலெக்ஸாண்டர் அதைக் கேட்டுப் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார்.

"பிஸ்கற்றை வேண்டாமெண்டு சொல்லிடுறன். நீர் வாரும்."

"இண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்தனீங்கள்?"

"பார்க்கைச் சுத்தி ரெண்டு தரம்."

"நாளைக்கு மூண்டு தரம் நடவுங்கோ. சனம் கதைச்சுக் களைச்சு விட்டிடும்."

இரண்டாம் தடவை நடு எலும்பிலிருந்து கிடைத்தது கொஞ்சம்தான். சிதைந்து, ஓரங்கள் தேய்ந்த துணுக்குகள். பேர்ணடெற்றுக்கு அதுவே போதுமாக இருந்தது. பழைய டிஎன்ஏ இருக்க வேண்டிய விதமே அதுதான். வெறுங்குழாய் வெறுமையாகவே இருந்தது. சபை மற்ற இரண்டு எலும்புகளுக்கும் சம்மதம் கொடுத்தது. அடியில் கிடைத்த எலும்பு மூன்று முறை ஏமாற்றி, நான்காம் முறை கொடுத்தது. தியாகலிங்கம் இரண்டாம் முறையோடு நிறுத்தச் சொன்னார். அவள் கேட்கவில்லை.

மூன்று நாய்களின் தாய்வழி டிஎன்ஏயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடியில் கிடந்த, காலத்தால் முந்திய நாயின் தாய்வழி, மேற்கே இருக்கும் தீவுகளின் பழைய நாய்களுடையதோடு அப்படியே பொருந்தியது. நடுவிலும் மேலேயும் கிடந்தவை அதே தாய்வழிதான், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் டிஎன்ஏயின் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றம் வேறு எந்தத் தீவு நாயிலும் இதுவரை பதிவாகவில்லை. அந்தத் தீவில் ஒரு பெட்டை நாய்க்கு நேர்ந்த மாற்றம் அதன் குட்டிகளுக்கும், குட்டிகளின் குட்டிகளுக்கும் போயிருக்கிறது என்பதே அதற்கு எளிமையான விளக்கம். வாங்கி வந்த பல்லும் தாடையும் குட்டி போடாது.

"பிறந்து வளர்ந்திருக்கு," என்றார் தியாகலிங்கம். "தலைமுறை தலைமுறையா."

"அதைத்தான் அந்தச் சனம் முதலே சொன்னது," என்றாள் பேர்ணடெற்.

முடிவைச் சொன்ன அன்று திரையில் மெரே மட்டுமல்ல, ஒரு மண்டபம் நிறையச் சனம் இருந்தது. தியாகலிங்கம் அளந்து பேசினார். மூன்று எலும்புதான், இன்னும் ஆய்வு வேண்டும், நாய்கள் ஏன் அற்றுப்போயின என்பதற்கு இதில் பதில் இல்லை என்றார். மெரே அதைத் தங்கள் மொழியில் சொல்லச் சொல்ல, மண்டபத்தில் பேச்சொலி கூடிக்கொண்டே போனது. முன் வரிசையில் இருந்த ஒரு கிழவர் கையை உயர்த்தி ஏதோ கேட்டார்.

"எங்கள் நாய்கள் எப்படிச் சத்தமிட்டன என்று எலும்பு சொல்லுமா என்று கேட்கிறார்," என்றார் மெரே.

"சொல்லாது," என்றாள் பேர்ணடெற். "அது அவருக்குத் தெரிந்தால் அவர்தான் சொல்ல வேண்டும்."

மெரே மொழிபெயர்த்ததும் கிழவர் எழும்பி நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, வாயைக் குவித்து, நீளமாக ஒரு ஊளை இட்டார். அது குரைப்பல்ல. மெல்லத் தொடங்கி, உயர்ந்து, கடலுக்குக் குறுக்கே யாரையோ கூப்பிடுவதுபோல நீண்ட சத்தம். பின்னால் இருந்த சிறுவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு பெண்கள். ரொறன்ரோவின் நிலக்கீழ் அறையில் கணினியின் ஒலிபெருக்கி அதைத் தாங்காமல் கரகரத்தது. தியாகலிங்கம் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார். பேர்ணடெற் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

எலும்புகள் திரும்பிப் போகும்போது நூதனசாலைக்குப் போகவில்லை. சபை கேட்டு, நூதனசாலையும் இணங்கி, நேரே தீவுக்குப் போயின. பெட்டியை மெரே ரொறன்ரோவுக்கே வந்து வாங்கிக்கொண்டார். மூன்று எலும்பையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அந்தச் சின்ன ஓட்டைகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "ஒவ்வொன்றிலும் ஒன்றுதான்," என்றார். பேர்ணடெற் தலையாட்டினாள்.

அடுத்து ஆய்வுகூடத்துக்குக் காட்டெருமை எலும்புகள் வந்தன. காட்டெருமை வளர்க்கிறவர்கள் மல்வேர்னில் யாரும் இல்லை. அவள் அஜக்ஸிலிருந்து தன் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அன்று பனி கரைந்து தெருவோரம் ஓடிக்கொண்டிருந்தது. அலெக்ஸாண்டர் வாசலில் நின்றார், கையில் நாயின் கயிறு. பிஸ்கற் அவளைக் களவெடுக்க வந்தவளைப்போலப் பார்த்துக் குரைத்தது.

"புது ஆளெண்டு நினைக்கிறான்," என்றார் அலெக்ஸாண்டர், கொஞ்சம் பயந்துபோய். "பழகிடுவான்."

பேர்ணடெற் பெட்டியைக் கதவுக்கு உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள். கார்டிகனின் பொத்தானைப் பூட்டினாள். கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்தால நடக்கிறனீங்கள்? காட்டுங்கோ."